வீட்டு நீச்சல் குளத்துக்கு எபாக்ஸி: புதிய டப்பாவைத் திறக்கும் முன் பழைய பூச்சைப் பாருங்கள்

காவேரிப்பட்டணத்துக்கு அருகே மாந்தோப்பு வீட்டில் 20 அடிக்கு 10 அடி அளவில் ஒரு நீச்சல் குளம் இருப்பதாகவும், 6 ஆண்டுகளுக்கு முன் அடித்த நீலப் பெயிண்ட் அப்பளம்போல் உரிந்து ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்வதாகவும், எபாக்ஸி என்ற பெயிண்டை அடித்துவிட்டால் 10 ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று கடைக்காரர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பொங்கலுக்குப் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் வேலையை முடித்துவிட முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எபாக்ஸி நல்ல தேர்வுதான், ஆனால் பொங்கலுக்குள் முடிக்க வேண்டாம். கடைக்காரர் சொன்ன 10 ஆண்டையும் 7 அல்லது 8 ஆண்டு என்று குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்; அதுவும் கீழே சொல்லும் வேலைகள் ஒழுங்காக நடந்தால்தான். ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு உள்பூச்சு அடிக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, பிறகு வீட்டுக் குளங்களுக்கு வந்தவன் நான். நான் பார்த்த வரையில், உரிந்துபோன குளங்களில் பெரும்பாலானவற்றில் பெயிண்டின் மேல் குற்றமில்லை. ஈரம் காயாத சுவரின் மேலோ, ஒட்டாத பழைய பூச்சின் மேலோ அவசரமாக அடித்ததுதான் குற்றம்.

ஆகவே முதல் கேள்வி எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்குவது என்பதல்ல, இப்போது சுவரில் இருப்பது என்ன பெயிண்ட் என்பதுதான். குளங்களுக்குப் பொதுவாக மூன்று வகைப் பெயிண்ட் அடிக்கிறார்கள்: தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக், குளோரினேட்டட் ரப்பர், இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி. குளோரினேட்டட் ரப்பரின் மேல் எபாக்ஸியை அடித்தால் எபாக்ஸியில் இருக்கும் கரைப்பான் அடியில் உள்ள ரப்பர் பூச்சை இளக்கிச் சுருட்டிவிடும். அக்ரிலிக்கின் மேல் அடித்தால் அடிப்பூச்சு பலமில்லாமல் இரண்டும் சேர்ந்தே உரியும். எது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. உரியாமல் கெட்டியாக இருக்கும் ஓர் இடத்தில் வெள்ளைத் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். வண்ணம் துணியில் இறங்கினால் அது அக்ரிலிக். இறங்காவிட்டால் வேறொரு துணியை சைலீன் என்ற கரைப்பானில் நனைத்துத் தேயுங்கள். பூச்சு பிசுபிசுத்துத் துணியோடு வந்தால் அது குளோரினேட்டட் ரப்பர். இரண்டுக்கும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் எபாக்ஸிதான்.

சோதனையில் எபாக்ஸி என்று தெரிந்தால், கெட்டியாக ஒட்டியிருக்கும் பகுதியை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிவிட்டு அதன் மேலேயே அடிக்கலாம். எது கெட்டி, எது கெட்டியில்லை என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். கூர்மையான கத்தியால் பெருக்கல் குறிபோல் இரண்டு கீறல் போட்டு, அதன் மேல் நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கீறலின் ஓரம் டேப்போடு வந்தால் அந்தப் பகுதி முழுவதையும் சுரண்டியே ஆகவேண்டும். அக்ரிலிக் அல்லது குளோரினேட்டட் ரப்பர் என்றால் ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் சிமெண்ட் பூச்சு தெரியும்வரை கிரைண்டரால் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆகும் கூலி பெயிண்டின் விலையைத் தாண்டிவிடுவதும் உண்டு. அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று தோன்றினால், பழைய குளோரினேட்டட் ரப்பர் பெரும்பகுதி கெட்டியாக இருக்கும் குளத்துக்கு மறுபடியும் அதே வகையை அடிப்பதில் குறைவொன்றுமில்லை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எபாக்ஸிதான் உயர்த்தி என்று எல்லோருக்கும் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குளத்தைக் காலி செய்யும் முன் இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, குளம் ஒழுகுகிறதா என்று பார்ப்பது. எபாக்ஸி ஒரு மேற்பூச்சுதான், ஒழுகும் குளத்தை அது அடைக்காது. ஒரு பக்கெட்டில் குளத்துத் தண்ணீரையே நிரப்பிப் படியின் மேல் பாதி மூழ்கும்படி வைத்து, உள்மட்டத்தையும் வெளிமட்டத்தையும் பென்சிலால் குறித்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயிலில் ஆவியானது. குளத்தின் மட்டம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அதை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டாவது காரியம் தோப்புக் கிணற்றை எட்டிப் பார்ப்பது. நம் பக்கம் பாறை நிலம் என்பதால் நிலத்தடி நீர் ஆழத்தில்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தென்பெண்ணைக் கரையிலும் ஏரிப் பாசனப் பகுதிகளிலும் கிணற்று நீர் மேலேறி நிற்கும். கிணற்று நீர்மட்டம் குளத்தின் தரைமட்டத்துக்கு மேல் இருக்கும்போது குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தண்ணீர் தூக்கித் தரையை வெடிக்க வைக்கக்கூடும், சில வேளைகளில் குளத்தையே பெயர்த்துவிடக்கூடும். வெளியேற்றும் தண்ணீரை மாமரங்களுக்கு விட நினைத்தால், ஒரு வாரம் குளோரின் போடுவதை நிறுத்தி வெயிலில் விட்ட பிறகு விடுங்கள்.

பொங்கலுக்குள் வேண்டாம் என்று சொன்னதற்கும் இந்த ஈரம்தான் காரணம். மழை ஓய்ந்தாலும் சுவருக்குப் பின்னால் உள்ள மண் மார்கழி முழுவதும் ஓதமாகவே இருக்கும், பனியும் இறங்கும். எபாக்ஸி அடிக்கும் பரப்பின் வெப்பம், காற்றில் உள்ள ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 20 டிகிரியும் ஈரப்பதம் 85 சதவீதமுமாக இருக்கும் ஒரு மார்கழிக் காலையில் பனி படியும் வெப்பநிலை ஏறத்தாழ 17.5 டிகிரி, அப்போது குளத்தின் தரை 20.5 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும், நிழலில் கிடக்கும் சிமெண்ட் தரை அந்த நேரத்தில் அப்படி இருப்பதில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம். பங்குனி, சித்திரையில் வெயில் கடுமை, இடையில் திடீரென்று கோடை மழையும் கொட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் ஏற்ற காலம் மாசிதான்.

இனிப் பெயிண்ட் வாங்குவதற்கு வருகிறேன். கடையில் எபாக்ஸி என்று கேட்டால் ஷோரூம் தரைக்கு அடிக்கும் எபாக்ஸியையும் எடுத்துக் கொடுப்பார்கள். அது எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதற்கு ஏற்றதல்ல. நீச்சல் குளத்துக்கு அல்லது நீரில் மூழ்கியிருக்கும் பரப்புக்கு உரியது என்று தயாரிப்பாளரின் தகவல் தாளில் அச்சிட்டிருக்க வேண்டும், கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. அந்தத் தாளில் நீங்கள் தேட வேண்டிய இன்னோர் எண், கன அளவில் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்பது. கரைப்பான் ஆவியான பிறகு சுவரில் தங்குவது அந்தப் பங்கு மட்டுமே. அந்தச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி, காய்ந்த பூச்சின் கனத்தை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்து வகுத்தால், ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்பது கிடைக்கும். 60 சதவீதப் பெயிண்டை 100 மைக்ரான் கனத்துக்கு அடித்தால் ஒரு லிட்டருக்கு 6 சதுர மீட்டர்; 45 சதவீதம் என்றால் நாலரைதான். லிட்டர் விலை குறைவு என்று வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் குளத்தையே கணக்கிடுவோம். சராசரி ஆழம் நாலரை அடி என்று வைத்துக்கொண்டால் தரை 200 சதுர அடி, நான்கு சுவர்கள் 270 சதுர அடி, ஆக 470 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 44 சதுர மீட்டர். 60 சதவீதப் பெயிண்ட் கணக்குக்கு 6 சதுர மீட்டர் வந்தாலும், சொரசொரப்பான பரப்பும் ரோலர் குடிப்பதும் சேர்ந்து கைக்கு நாலரைதான் வரும். ஒரு கோட்டுக்குப் பத்து லிட்டர், இரண்டு கோட்டுக்கு இருபது லிட்டர், இதில் வண்ணம் இருக்கும் பேஸ் டப்பாவும் அதை இறுக வைக்கும் ஹார்டனர் டப்பாவும் அடக்கம். பெயிண்டர் பத்து லிட்டரில் இரண்டு கோட்டையும் முடித்துவிடுகிறேன் என்றால், அவர் பாதிக் கனத்தில்தான் அடிக்கப் போகிறார் என்று பொருள். நிறத்தில் வெள்ளையோ வெளிர் நீலமோ போதும். அடர் நீலம் முதல் ஆண்டில் அழகாக இருந்து, பிறகு வெளுப்பதைத் திட்டுத்திட்டாகக் காட்டும்.

சுவரைத் தயார் செய்வதுதான் மொத்த வேலையில் முக்கால் பங்கு. விரிசல்களை ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி எபாக்ஸி பட்டியால் அடையுங்கள். சிமெண்ட் பட்டியும் ஒயிட் சிமெண்ட்டும் தண்ணீருக்குள் நிற்காது. விரிவு இணைப்பு இருந்தால் அதை எபாக்ஸியால் மூடாதீர்கள், அது நகரும் இடம். பாலிசல்ஃபைடு போன்ற ரப்பர்போல் நெகிழும் அடைப்புதான் அங்கே பொருத்தம். எங்காவது சிலிக்கான் தடவியிருந்தால் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள், அதன் மேல் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. புதிதாகச் சிமெண்ட் பூசிய இடம் இருந்தால் 28 நாள் போகட்டும். வெயிலுக்குப் பூசும் எண்ணெய், உடம்பு எண்ணெய் படிந்த நீர்மட்டக் கோட்டை முதலில் சோப்புத் தூளால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ஆசிட்டோ உப்புத்தாளோ. எண்ணெயின் மேல் ஆசிட் வேலை செய்யாது.

ஆசிட் கழுவல் சிமெண்ட் தெரியும் பரப்புக்கு மட்டுமே. மேலே வெண்மையாகப் படிந்திருக்கும் சிமெண்ட் பாலை எடுத்து, பூச்சு பற்றிக்கொள்ளச் சிறு சொரசொரப்பைத் தருவது அதன் வேலை. மூன்று பங்கு தண்ணீரைப் பிளாஸ்டிக் பக்கெட்டில் முதலில் ஊற்றி, அதற்குள் ஒரு பங்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை மெதுவாக விட வேண்டும். ஆசிட்டுக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஊற்றிய இடத்தில் நுரைத்துப் பொங்க வேண்டும். நுரைக்காத இடத்தில் இன்னும் எண்ணெயோ பழைய பெயிண்டோ இருக்கிறது. பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். காய்ந்ததும் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்: நைசான உப்புத்தாளைத் தொடுவதுபோல் இருந்தால் சரி, கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் மறுபடியும் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

அதன் பிறகு ஒரு வாரம் நல்ல வெயிலில் காயட்டும். காய்ந்துவிட்டது என்று பெயிண்டர் சொல்வதை நம்பாமல், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடிப் பாலிதீன் துண்டுகளை ஆழமான பகுதியின் தரையிலும், தோப்பு மண்ணை ஒட்டிய சுவரிலும் நான்கு ஓரமும் இடைவெளியில்லாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் துளி கோத்திருந்தாலோ அடியில் சிமெண்ட் கறுத்திருந்தாலோ இன்னும் ஓதம் இருக்கிறது. நான்கு நாள் கழித்து மறுபடி பாருங்கள். ஒரு முழம் பாலிதீனும் ஒரு இரவும்தான் செலவு, ஆனால் இதைச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வெப்பத்தைப் பற்றி என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாலக்கோடு பக்கம் ஒரு வீட்டில் ஏப்ரல் மாதத்தில் காலை பதினொரு மணிக்கு முதல் கோட்டைத் தொடங்கினேன். தரையில் பெயிண்ட் விழுந்ததும் கண்ணாடிபோல் படிந்தது, மகிழ்ச்சியாக அடுத்த பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஆப்பத்தில் விழும் கண்களைப்போல் தரை முழுவதும் சிறு சிறு குமிழிகள், ஒவ்வொன்றும் வெடித்து ஊசித் துளையாகிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஏறச் சிமெண்ட்டின் நுண்துளைகளில் இருந்த காற்று விரிந்து, ஈரப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. மூன்று நாள் கிரைண்டர் பிடித்து அதைத் தேய்த்தெடுத்தேன். சுவர் சூடேறிக்கொண்டிருக்கும்போது முதல் கோட் அடிக்கக் கூடாது, ஆறிக்கொண்டிருக்கும்போது அடிக்க வேண்டும் என்பது அதன் பிறகு என் வழக்கம். மாலை நான்கு மணிக்குத் தொடங்கலாம், ஆனால் இரவில் பனி விழுமே என்பீர்கள். அதற்குத்தான் பந்தல். கல்யாணப் பந்தல்காரரிடம் சொல்லி, இரண்டு நாள் முன்னதாகவே குளத்தின் மேல் தகரப் பந்தலோ தார்ப்பாயோ உயரமாகப் போட்டு, பக்கங்களைத் திறந்து விட்டால் பகல் சூடும் இரவுப் பனியும் இரண்டும் மட்டுப்படும், காற்றும் ஓடும். முதல் கோட் துளைகளை அடைத்துவிடுவதால், இரண்டாவது கோட்டைப் பனி காய்ந்த பிறகு காலையிலும் அடிக்கலாம்.

கலப்பதில் நடக்கும் தவறுகள் திருத்த முடியாதவை. பேஸ் டப்பாவின் அடியில் வண்ணம் கெட்டியாக உறைந்திருக்கும், அதை முதலில் தனியாகக் கலக்கி மேலே கொண்டுவர வேண்டும். பிறகு ஹார்டனரைத் தாளில் சொன்ன விகிதத்தில் அளந்து ஊற்றி, மெதுவாகச் சுழலும் டிரில் மெஷினில் கலக்கியைப் பொருத்தி மூன்று முதல் ஐந்து நிமிடம் கலக்கி, ஓரத்தையும் அடியையும் வழித்து, இன்னொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுகிற பெயிண்டர்கள் இருக்கிறார்கள். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோவதுபோல்தான் இதுவும்: மிச்ச ஹார்டனர் சேர ஆளில்லாமல் பூச்சுக்குள் தங்கி அதை மென்மையாக்கிவிடும். மண்ணெண்ணெய், டர்பன்டைன், சாதாரண என்.சி. தின்னர் எதையும் ஊற்ற விடாதீர்கள். முதல் கோட்டுக்கு மட்டும், அந்தப் பெயிண்டுக்கு உரிய தின்னரை, தாளில் அனுமதித்த அளவுக்கு விடலாம்.

கலந்த எபாக்ஸி கையிலிருக்கும் டப்பாவையே சூடாக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அது இறுகாமல் அடிக்கத் தக்கதாக இருக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பதும், டப்பாவிலேயே மொத்தமாக வைத்தால் தன் சூட்டில் தானே இன்னும் வேகமாக இறுகும் என்பதும் நினைவிருக்கட்டும். இரண்டு மூன்று லிட்டராகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி வைத்து அடியுங்கள். மூலைகளையும் குழாய் வாய்களையும் பிரஷ்ஷால் முதலில் முடித்து, சுவர்களை ரோலரால் அடித்து, தரையை ஆழமான பக்கத்திலிருந்து தொடங்கிப் படியில் வந்து ஏற வேண்டும். கேட்டால் சிரிப்பாக இருக்கும், ஆனால் மூலையில் மாட்டிக்கொண்டு ஈரப் பூச்சின் மேல் நடந்து வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். படிகளில் ஈரம் காயுமுன் சலித்த நைஸ் சிலிக்கா மணலைத் தூவினால் பிள்ளைகள் வழுக்கி விழமாட்டார்கள்.

குளம் ஒரு பள்ளம் என்பதை மறக்க வேண்டாம். சைலீன் ஆவி காற்றைவிடக் கனமானது, அது மேலேறிப் போகாமல் அடியிலேயே தங்கும். வெளிக் காற்றை உள்ளே தள்ளும் மின்விசிறி, ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் முகக்கவசம், நைட்ரைல் கையுறை மூன்றும் கட்டாயம். மூக்கில் துண்டு கட்டுவது பயன்படாது. பீடி, தீக்குச்சி, பொறி பறக்கும் பழைய சுவிட்ச் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஒருவர் உள்ளே இருந்தால் இன்னொருவர் மேலே இருக்க வேண்டும்.

முதல் கோட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே தாளில் ஒரு குறைந்தபட்ச நேரமும் ஓர் அதிகபட்ச நேரமும் இருக்கும். அதிகபட்ச நேரம் தாண்டிவிட்டால் உப்புத்தாள் தேய்க்காமல் அடுத்த கோட் ஒட்டாது. காலையில் தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழுவழுப்பாக இருந்தால், ஹார்டனர் இரவு ஈரத்தோடும் காற்றின் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு படலம் விட்டிருக்கிறது என்று பொருள். வெதுவெதுப்பான தண்ணீரும் சிறிது சோப்பும் கொண்டு கழுவித் துடைத்துக் காய்ந்த பிறகே அடுத்த கோட்.

இரண்டாவது கோட்டுக்குப் பிறகு குறைந்தது 7 நாள் விட வேண்டும், ஓசூர்ப் பக்கக் குளிரில் 10 முதல் 14 நாள். தின்னரில் நனைத்த துணியால் மூலையில் தேய்த்தால் வண்ணம் இறங்கக் கூடாது. பிறகு தண்ணீரை இடையில் நிறுத்தாமல் நிரப்புங்கள், பாதியில் விட்டால் கோடு விழும். உங்கள் குளம் கொள்வது 25,000 லிட்டருக்குச் சற்று மேல். ஹோஸ் விழும் இடத்தில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள். பிளீச்சிங் பவுடரை நேராகத் தூவாமல், பக்கெட்டில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குளோரின் மாத்திரையும் தரையில் கிடக்கக் கூடாது, கிடந்த இடம் வெளுத்துப்போகும். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.2 முதல் 7.6 வரைக்குள்ளும், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரைக்குள்ளும் இருந்தால் பூச்சு நீடிக்கும்.

இரண்டு மூன்று கோடை போனதும் கையில் வெள்ளையாக ஒட்டுகிறது என்று பதறாதீர்கள். வெயிலில் எபாக்ஸியின் மேற்பரப்பு மெல்லச் சுண்ணாம்புபோல் பொடியாகி உதிர்வது அதன் இயல்பு, பளபளப்பு போவதும் அதனால்தான். ஆனால் நம் போர் தண்ணீரின் கடினத்தன்மையால் படியும் உப்பும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நீர்மட்டத்துக்கு மேல் உள்ள ஒரு வெள்ளைத் திட்டில் எலுமிச்சைச் சாற்றை இரண்டு சொட்டு விடுங்கள்: நுரைத்து மறைந்தால் அது உப்பு, பூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வேலை முடிந்த அன்றே பெயிண்டின் பெயர், வகை, பேட்ச் எண், தேதி, எத்தனை கோட் என்பதை மோட்டார் அறையின் உள்சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். 6 ஆண்டுகளுக்கு முன் உங்கள் குளத்துக்கு அடித்தவர் அதைச் செய்திருந்தால், நீங்கள் இப்போது ஸ்பிரிட்டும் சைலீனும் வாங்க வேண்டியிருக்காது.